எதிர்ச்சுற்று

பல்லில் அடைத்திருந்தது எப்போது விழுந்தது என்று அமலாவுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாக்கு எதேச்சையாக அந்தப் பக்கம் போனது, போன இடத்தில் பள்ளம் இருந்தது. துப்பியதாக நினைவில்லை. அப்படியென்றால் விழுங்கியிருக்கிறாள், கத்தரிக்காய்ப் பொரியலோடு சேர்த்து, ருசிகூடத் தெரியாமல். ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது, குடலில் எங்காவது போய் ஒட்டிக்கொண்டால் என்று இன்னொன்று கேட்டது, இரண்டுக்கும் பதில் சொல்லாமல் டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். திரையில் மூன்று சதுரங்கள். ஒன்றில் அவள் முகம், வேண்டாத வெளிச்சத்தில், கண்ணுக்குக் கீழே கறுத்து. இன்னொன்றில் தனஞ்செயன், அவளுடைய டீம் ஹெட், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருப்பவன். மூன்றாவது சதுரம் இன்னும் கறுப்பு, வாடிக்கையாளர் சபாபதி சார் வரவில்லை. "சார் டிராஃபிக்ல இருக்காராம், இதோ வந்துடுவார்" என்றான் தனஞ்செயன், கண்ணாடி வழியாக உதடு முதலில் அசைந்தது, காதுக்குச் சத்தம் அப்புறம் வந்தது, நாக்கு மறுபடியும் பள்ளத்துக்குப் போனது. போகாதே என்றால் போகிறது. விளிம்பு கூர்மையாக இருக்கிறது, சுற்றி வருகிறது, நடுவில் இறங்கிப் பார்க்கிறது, வாய்க்குள் ஒரு கிணறு வெட்டியது போல இவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது, கண்ணாடியில் பார்த்தால் கடுகளவு இருக்கும். இந்தத் தனஞ்செயன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், நாற்காலி கிடைக்காமல் பிளாஸ்டிக் ஸ்டூலில். கெட்டிக்காரன். பேசத் தெரிந்தவன். பேசத் தெரிந்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்கள், அவள் கோடு வரைந்துகொண்டு இந்தப் பக்கமே இருந்தாள், அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றும் இல்லை என்றும் சொல்வாள், எந்த நாளில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்றைக்குக் கேட்டால் கையில் இருப்பதை எடுத்து எறிவாள்.

கிண்டி எஸ்டேட்டில், கீழே பேரிங் கடையும் மேலே இவர்களுமாக இருக்கிற பழைய கட்டடம். நிலத்தின் எல்லை எண்களைக் கொடுத்தால் படமாக வரைந்து, நிறம் தீட்டி, ஆள் உயரத் தாளில் அச்சடித்துத் தருகிற மென்பொருள் இவர்களுடையது. வரைகிற பகுதி முழுக்க அமலா எழுதியது. கோளாறு என்னவோ சின்னதுதான். உருவத்துக்குள் நிறம் நிரப்பு என்று கணினியிடம் சொன்னால் அது முதலில் கேட்பது எது உள்ளே எது வெளியே என்பதைத்தான். மனிதருக்குப் பார்த்தாலே தெரியும், அதற்குக் கண் இல்லை. ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் போய் நின்று வெளியே ஒரு கோடு விட்டுப் பார்க்கும், அந்தக் கோடு எத்தனை வேலியைத் தாண்டுகிறது என்று எண்ணும். புதுப் பிள்ளைகளுக்கு அவள் உளுந்து வடையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பாள். வடையின் ஓட்டைக்குள் நின்று கோடு விட்டால் உள்விளிம்பு ஒன்று, வெளிவிளிம்பு ஒன்று, ஆக இரண்டு. இரட்டைப்படை வந்தால் வெளியே, நிறம் வேண்டாம். ஒற்றைப்படை வந்தால் உள்ளே, பூசு. இது ஒரு வழி. இன்னொரு வழி உண்டு, அது திசை பார்க்கும். வேலி எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது? கடிகாரம் சுற்றுகிற பக்கமாக என்றால் ஒன்று கூட்டு, எதிர்ப்பக்கமாக என்றால் ஒன்று கழி. கடைசியில் பூஜ்யம் வந்தால்தான் அந்த இடம் வெளியே. வேறு எது வந்தாலும் உள்ளே, தயங்காமல் பூசிவிடும். இவர்களுடைய மென்பொருள் திரையில் முதல் வழியைப் பின்பற்றியது, அச்சுக்கு அனுப்பும்போது இரண்டாவது வழியை. யாரும் திட்டமிடவில்லை, அச்சுப் பகுதியை வெளியிலிருந்து வாங்கி ஒட்டினார்கள், அது அப்படித்தான் வந்தது. சபாபதி சாருடைய கம்பெனி தெற்கே கடலோரத்தில் ஒரு தொழிற்பூங்கா கட்டப் போகிறது. அந்த நிலத்துக்கு நடுவில் ஒரு ஊர் இருக்கிறது. நடுத்திட்டு என்று பெயர், உப்பளங்களுக்கு மத்தியில் கொஞ்சம் மேடாக நிற்கிற மண். பூங்காவின் எல்லையையும் ஊரின் எல்லையையும் அளந்தவர் இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றி அளந்திருக்கிறார். தப்பில்லை, யாரும் அப்படித்தான் நடப்பார்கள். ஆனால் ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டு பூஜ்யம் இல்லை. திரையில் வெள்ளையாக இருந்த நடுத்திட்டு தாளில் ஆரஞ்சாக வந்தது. சுற்றியிருக்கிற ஆரஞ்சோடு ஆரஞ்சாக. பெயரைக்கூட நிறம் மூடிவிட்டது.

அப்படி அடித்த படம் போன மாதமே ஊருக்குப் போய்விட்டது, பஞ்சாயத்து போர்டில் ஒட்டிவிட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. தாளை யார் பார்க்கிறார்கள்? அமலா பார்த்தாள். மேஜையில் கிடந்த பிரதியில் ஊர்ப் பெயர் எந்த எழுத்துருவில் வந்திருக்கிறது என்று தேடினாள், பெயர் இல்லை, ஊரும் இல்லை. திரையில் தேடினாள், இருந்தது. நிரல் முழுக்க இறங்கிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தாள், அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற வேலிகளை எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைத்தாள், கொஞ்சம் வரிகள்தான், முடிந்தது. முடிந்தது என்று நினைத்தாள். இன்று காலையில் தனஞ்செயன் காபி கோப்பையோடு வந்து அவள் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றான். "அமலா, அந்த ஃபிக்ஸ் சூப்பர். ஆனா சபாபதி சாருக்கு மட்டும் பழைய மாதிரியே போயிடலாமா? ஒரு ஸ்விட்ச் போட்டுடுங்க." எதுக்கு என்றாள். "வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். போன தடவை ஒட்டினதும் இப்ப ஒட்டுறதும் வேற வேறயா இருந்தா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்கங்கிறார். நியாயம்தானே?" அங்க ஊர் இருக்கு தனஞ்செயன் என்றாள். "தெரியும். யாரும் இல்லைன்னா சொல்றோம்? கலர்தானே. அவ்வளவு பெரிய விஷயமா இது?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. கெட்டவன் யாராவது இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு திட்டலாம், இப்போது பல்லையும் கடிக்க முடியாது. கெட்டவர் யாரும் இல்லை. அளந்தவர் ஒரே பக்கமாக நடந்தார், அச்சுப் பகுதியை விற்றவன் அவனுக்குத் தெரிந்த வழியில் நிரப்பினான், போர்டில் ஒட்டியவன் பசை தடவி ஒட்டினான், சபாபதி சாருக்குக் கேள்வி வேண்டாம், தனஞ்செயனுக்குச் சபாபதி சார் வேண்டும். எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரு ஊர் நிறத்துக்கடியில் போய்விட்டது. மீட்டிங்ல சார்கிட்ட நீங்களே ஓகேன்னு சொல்லிடுங்க, நீங்க சொன்னா நம்புவார் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கோப்பை வைத்த இடத்தில் ஈர வளையம் இருந்தது. அவள் அதை விரலால் துடைத்தாள்.

மூன்றாவது சதுரம் வெளிச்சமானது, சபாபதி சார் வந்துவிட்டார், காரின் பின் சீட்டிலிருந்து, தலைக்குப் பின்னால் மவுண்ட் ரோடு நகர்ந்தது. "சாரி சாரி, ஒரே கூட்டம்பா. எப்படி இருக்கீங்க? அமலா மேடம், சௌக்கியமா?" நல்ல மனிதர். போன கிறிஸ்துமஸுக்கு அவளுக்கென்று தனியாக ஒரு பிளம் கேக் அனுப்பினார். சௌக்கியம் சார் என்றாள், பேசும்போது காற்று பள்ளத்தில் இறங்கிச் சுரீர் என்றது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மைக்கை அணைத்தாள். அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், புது கலெக்டரைப் பற்றிப் பேசினார்கள், அவள் பேச வேண்டிய இடம் எங்கோ முன்னால் இருக்கிறது, பேச்சு ரயில் போல அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. முடியாது. முடியாது என்பதை எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லை இத்தனை வருஷத்தில் அவள் அலுவலகத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாளா? கொஞ்சம் கஷ்டம் சார் என்று சொல்லியிருக்கிறாள். பார்க்கிறேன் சார். டைம் ஆகும் சார். அது அவ்வளவு நல்லா வராது சார். சொல்லிவிட்டுக் கடைசியில் செய்துகொடுத்திருக்கிறாள், ஒவ்வொன்றையும், கஷ்டம் என்றதை ராத்திரி உட்கார்ந்து முடித்து, நல்லா வராது என்றதை நல்லாவே வரவைத்து. முடியாது, முடியாதுங்க, முடியாது சார், எந்த வாலை ஒட்டினாலும் சொல் பலவீனமாகிவிடுகிறது. அம்மா வாலே ஒட்டமாட்டாள். அம்மா ஏன் இப்போது வருகிறாள்? மில் கேட் ஏன் வருகிறது? திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த வீடு, சுற்றியிருந்த காட்டை எல்லாம் ஒரு பஞ்சு மில் வாங்கிச் சுவர் எழுப்பியபோது நடுவில் மாட்டிக்கொண்டது. விற்கச் சொல்லிக் கேட்டார்கள், அம்மா தரவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மில் கேட் வழியாகத்தான் போக வேண்டும். வாட்ச்மேன் ஒவ்வொரு தடவையும் கேட்பான், தெரிந்துகொண்டே கேட்பான், கேட்கச் சொல்லியிருந்தார்கள். யாரு? எங்க போறீங்க? அம்மா, பிரகாசியம்மாள், தலையில் விறகோ கையில் மீனோ எது இருந்தாலும் நின்று நிதானமாகப் பதில் சொல்வாள். "மில்லை விலைக்குக் கேக்க வந்தேன், மொதலாளி இருக்காரா?" இன்னொரு நாள், "எங்க வீட்டைச் சுத்தி எவனோ செவரு கட்டியிருக்கான்னாங்க, அதான் பாக்க வந்தேன்." லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடப் பையோடு பின்னால் வருகிற அமலா தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பாள், யாரோ போல, அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லாதது போல, கடவுளே இந்த அம்மா வாயை மூடாதா என்று. வாயைத் திறந்து என்ன கிடைத்தது? கேட்டுக்குப் பக்கத்தில் மில்லின் படம் ஒன்று தகரத்தில் வரைந்து வைத்திருந்தார்கள், குடோன், கேன்டீன், தோட்டம் என்று. அவர்கள் வீடு இருந்த இடத்தில் புல்தரை வரைந்திருந்தது, நடுவில் ஒரு நீரூற்று. அம்மா அடுப்புக்கரியால் அந்த நீரூற்றின் மேல் ஒரு சதுரம் போட்டாள். பெயின்ட் அடித்தார்கள். மறுபடியும் போட்டாள். அவர்கள் அடிக்க இவள் போட, வெயில் காலம் முழுக்க நடந்தது, ஊரே வேடிக்கை பார்த்தது, கடைசியில் வீட்டை விற்றார்கள்தான், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து டவுனுக்குப் போக வேண்டியிருந்தது, அதோடு முடிந்தது. ஜெயித்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் விற்கிற நாள் வரைக்கும் அந்தச் சதுரம் தகரத்தில் இருந்தது என்பது அமலாவுக்கு இப்போதுதான், இந்த நாற்காலியில், பல் வலிக்க வலிக்க, ஒரு தகவலாக வந்து சேருகிறது. கடைசியாக அம்மா போட்டதன் மேல் அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை. அலுத்துப்போனது அவர்களுக்கு, அம்மாவுக்கு இல்லை.

ஃபோன் மேஜையில் அதிர்ந்தது. நினைத்தால் வந்துவிடுவாள், அம்மாதான், பல்லாவரம் ஃபிளாட்டிலிருந்து. எடுக்கக்கூடாது, எடுக்காவிட்டால் பத்து தடவை அடிப்பாள், மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஹெட்போனை ஒரு காதில் தள்ளி எடுத்தாள். "ஏன்டி, அந்த அசோசியேஷன்காரன் மறுபடியும் வந்து நிக்கிறான். மாடியில துணி போடக் கூடாதாம். நான் போட்டுட்டேன்." மீட்டிங்ல இருக்கேன்மா. "இரு. நான் என்ன கேட்டேன், சட்டம் எங்க இருக்கு காட்டுங்கன்னேன். தேடப் போயிருக்கான்." அப்புறம் கூப்பிடுறேன்மா என்று வைத்தாள், சிரிப்பு வந்தது, சிரிப்பின் அடியில் பயம் தெரிந்தது, மீன் போல, ஒரு புரளலில் வெள்ளை வயிறு தெரிந்து மறைவது போல. என்ன பயம்? வேலை போய்விடுமா? போகும், ஏன் போகாது? நாளைக்கே போகாது, மெதுவாகப் போகும். முதலில் இந்த வேலையிலிருந்து எடுப்பார்கள், அப்புறம் அவள் எழுதியதை வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார், அப்புறம் ஒருநாள் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து அமலா உங்களுக்கு எது வசதி என்று கேட்பார்கள். அப்புறம் நாற்பத்தைந்து வயதில் வேலை கேட்டு எங்கோ ஒரு வரவேற்பறையில் கழுத்தில் விசிட்டர் அட்டை தொங்க உட்கார்ந்திருப்பாள், மகன் வயதுப் பையன் வந்து ஒரு மார்க்கரைக் கொடுத்துப் பலகையில் எழுதச் சொல்வான், அவள் எழுதுவாள், அவன் ஃபோனைப் பார்ப்பான். ஊர்பேர் தெரியாத ஒரு மேட்டுக்காகவா? அந்த மண்ணை அவள் மிதித்ததில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கூரைகள், ஒரு நீலத் தார்ப்பாய், தண்ணீர்த்தொட்டியின் வட்டமான நிழல், சிவப்பாகப் பரப்பியிருந்தது மிளகாயா துணியா தெரியவில்லை. ஒரு வேப்பமரம் இருக்கலாம், நிழல் பெரிதாக இருந்தது. அவர்களில் யாரும் அவளிடம் வந்து எங்களை வெள்ளையாக விடு என்று கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே தெரியாது. வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் போர்டுக்கு முன்னால் நிற்பார், தன் வீடு எங்கே என்று விரலால் தேடுவார், விரல் ஆரஞ்சு மேல் ஊர்ந்து போகும், எங்கும் நிற்காது. அப்போது பக்கத்தில் நிற்கிற அதிகாரி என்ன சொல்வார்? கலர்தானேம்மா என்பாரா? பூங்கா கட்ட வருகிறவன் கையில் இருப்பது திரை இல்லை, தாள். சுவர் எழுப்புகிறவன் தாளைப் பார்த்துத்தான் கோடு போடுவான். இல்லை, போடமாட்டான், அவ்வளவு சுலபமா, சட்டம் இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, நீ என்ன எல்லாவற்றையும் உன் தலையில், அவ்வளவு பெரிய விஷயமா இது, அவ்வளவு பெரிய விஷயமா, அந்த வாக்கியம் வந்து வந்து மோதியது. ஆமாம். அவ்வளவு பெரிய விஷயம்தான். பெரிய விஷயம் இல்லையென்றால் ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்? அதற்கு மேல் யோசனை நகரவில்லை, அந்தக் கேள்வியிலேயே முள்ளில் துணி மாட்டியது போல நின்றுவிட்டது, அவள் இழுத்துப் பார்த்தாள், கிழியவும் இல்லை, வரவும் இல்லை, சரி இங்கேயே நிற்போம் என்று மனசு உட்கார்ந்துவிட்டது.

"அப்ப அந்த மேப் விஷயம்" என்றார் சபாபதி சார். கார் எங்கோ நின்றிருந்தது. "போன தடவை அடிச்ச மாதிரியே இருக்கட்டும்னு தனஞ்செயன்கிட்ட சொன்னேன். நடுவுல அந்தப் பொத்தல் வேண்டாம், பாக்கவும் நல்லா இல்ல. சாயந்திரம் எங்க ஆள் வந்து வாங்கிக்குவான். மேடம், ஓகேதானே?" பொத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பனியனில் இருப்பது பொத்தல், இதில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனஞ்செயன் அவளை நேராகவே பார்த்தான், தலையை மெதுவாக ஆட்டினான், சொல்லிடுங்க என்பது போல. மைக்கைத் திறந்தாள். சுரீர் என்றது. வலிக்கட்டும்.

"முடியாது" என்றாள். சொல்லிவிட்டு வாலைத் தேடினாள், தேடியதை விட்டுவிட்டாள்.

"என்ன மேடம்?"

"பழைய மாதிரி அடிக்க முடியாதுன்னேன் சார். பழைய படம் தப்பு. ஊரை மூடிட்டு நெறம் பூசியிருக்கு. நீங்க பண்ண தப்பு இல்ல, எங்க தப்பு, எங்க மென்பொருள்ல இருந்த தப்பு. கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டோம்."

"அது புரியுதும்மா, ஆனா இப்ப போய் மாத்தினா..."

தனஞ்செயன் குறுக்கே வந்தான். "சார், டெக்னிக்கலா ஒண்ணும் இல்ல சார், ஒரு சின்ன செட்டிங்தான், நான் பாத்துக்கறேன்." அவளிடம் சாட்டில் எழுதினான்: பிளீஸ், அப்புறம் பேசலாம். அவள் அதைப் படித்தாள். அப்புறம் என்பது எது என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய வேலைக்காலம் முழுக்க அந்த அப்புறத்தில்தான் கழிந்திருக்கிறது. பழைய பதிப்பு இவனிடம் இருக்கிறது, இவனே எடுத்து அடித்துவிடலாம், அவள் இங்கே முடியாது முடியாது என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அங்கே தாள் வெளியே வந்துவிடும். கன்னம் எரிந்தது. இனிமேல் நிதானமாகப் பேச வேண்டும், ஒவ்வொரு சொல்லாக, காற்று உள்ளே போகாமல், உதட்டைக் குறுக்கி.

"தனஞ்செயன் சொல்றது சரிதான் சார். பழைய வெர்ஷன் இருக்கு, அதுலேர்ந்து அடிக்கலாம். ஆனா ஒண்ணு. போன மாசம் ஒட்டினப்ப இது தப்புன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்ப நான் சொல்லிட்டேன். மீட்டிங் முடிஞ்சதும் மெயிலாவும் அனுப்புவேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் அதையே ஒட்டினா அது மென்பொருள் தப்பு இல்ல சார். அது உங்க தப்பு ஆயிடும். வெள்ளிக்கிழமை யாராவது எழுந்து எங்க ஊரு எங்கன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

மவுண்ட் ரோட்டில் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது, அது மூன்று பேர் காதிலும் கேட்டிருக்கும். சபாபதி சாரின் முகத்திலிருந்து கேக் அனுப்புகிற மனிதர் எழுந்து போனார், வேறொருவர் வந்து உட்கார்ந்தார், அவரும் கெட்டவர் இல்லை, கணக்குப் போடுகிறவர். அவர் கணக்குப் போடுவதை அமலா பார்த்துக்கொண்டிருந்தாள், கண் ஒரு பக்கமாகப் போய் வந்தது. இந்தச் சின்ன நேரத்தில் அவளுக்குள் விநோதமாக ஒன்று நடந்தது, பயம் போகவில்லை, அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் நின்றுகொண்டு வெளியே பார்க்க முடிந்தது. இறங்கி வராதே, இப்போது மட்டும் எதையும் சேர்க்காதே, சாரி சார் என்று சொல்லாதே, நான் என்ன சொல்ல வந்தேன்னா என்று ஆரம்பிக்காதே, வாயை மூடிக்கொண்டு அவரைப் பார். பார்த்தாள்.

"மெயில் எல்லாம் எதுக்கு மேடம்" என்றார் கடைசியில். குரலில் சௌக்கியம் இல்லை. "சரி, புதுசையே அடிச்சுக் குடுங்க. கேள்வி வந்தா நான் சமாளிச்சுக்கறேன். ஆனா தனஞ்செயன், இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதுசு. மேல சொல்ல வேண்டியிருக்கும்."

"மெயில் அனுப்பத்தான் சார் செய்வேன்" என்றாள் அமலா. "தப்பை நாங்க பண்ணினதா நாங்களே எழுதிக் குடுக்கறது உங்களுக்கும் நல்லதுதான்."

அவருடைய சதுரம் கறுப்பானது. தனஞ்செயனுடையதும் கறுப்பானது. மிச்சமிருந்த ஒன்றில் அவளே இருந்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, தலைமுடி ஒரு பக்கம் ஹெட்போனில் சிக்கி நிற்க. அழகாக இல்லை. அணைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். மெயிலை எழுதினாள், அடைமொழி இல்லாமல், எந்தப் படம், எது தவறு, எது சரி என்று. அனுப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனஞ்செயன் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டே நடந்தான், இந்தப் பக்கம் ஒரு தடவை கையைக் காட்டினான், காட்டியது தெரிந்ததும் திரும்பிக்கொண்டான். காட்டு. நல்லா காட்டு. நான் இங்கேதான் இருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கிற பொத்தானை அழுத்தினாள். மூலையில் இருந்த பெரிய பிரிண்டர் பெருமூச்சு விட்டு எழுந்தது. அவள் போய் அதன் முன்னால் நின்றாள். மை பூசுகிற தலை இடமும் வலமுமாக ஓடியது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நகக்கண் அளவு தாள் இறங்கியது. முதலில் கடல், நீலம். அப்புறம் ஆரஞ்சு, விளிம்பிலிருந்து விளிம்புவரை அடர்த்தியாக, கேள்வி கேட்காமல், ஓட்டம் ஓட்டமாக. வருமா? சரிபார்த்தாயிற்று, வரும், சோதனையில் வந்தது, ஆனாலும் வருமா? ஆரஞ்சு வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு ஓட்டத்தில் மை நடுவில் கொஞ்ச தூரம் நின்று, விட்டுவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியது. அடுத்த ஓட்டத்தில் விட்ட இடம் அகலமானது. இன்னும் அகலமானது. எதுவும் அச்சாகாத இடம், தாள் தாளாகவே இருக்கிற இடம், அதற்குள் கறுப்பில் நடுத்திட்டு என்ற எழுத்துகள் தலைகீழாக, மேல்பாதியோ கீழ்ப்பாதியோ, வரத் தொடங்கின.

தாள் நீளமாகிச் சரிந்தது, தரையில் பட்டால் ஈர மை ஒட்டிக்கொள்ளும். இரண்டு கையையும் விரித்துப் பிடித்தாள், அகலம் போதவில்லை, ஒரு பக்கம் மடங்கியது. அந்த முனையை இன்னொரு கை பிடித்தது. தனஞ்செயன். பழக்கத்தில் பிடித்துவிட்டான், பிடித்த பிறகு விடவும் முடியவில்லை. ஆளுக்கொரு முனையில் நின்றார்கள், நடுவில் படம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் சிவந்திருந்தது, மேலே யாரோ நன்றாகத் திட்டியிருக்கிறார்கள். குனிந்து தாளைப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய இடமா அது?" என்றான்.

"ஆமா. சின்னதுன்னு நெனச்சீங்களா?"

அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்தான். "திங்கட்கிழமை உங்களை உக்கார வச்சுப் பேசப் போறாங்க, அமலா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பேசட்டும்" என்றாள். "எனக்கும் பேச இருக்கு. அந்தப் பக்கம் இழுத்துப் பிடிங்க, மை காயலை."